வரைபடத்தில் இல்லாத கிணறு: குப்பைமேட்டுக்கு அடியில் ஓடும் ஒரு கணக்கின் வரலாறு

திருமுடிவாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடுவோம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள். அரசாணை, தீர்ப்பு, நிலப் பதிவேடு என்று எது கையில் கிடைத்தாலும் வரி வரியாகப் படித்துப் பார்ப்பது வழக்கம். சில மாதங்களுக்கு முன் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த தோழர்கள் ஒரு தடித்த அறிக்கையைக் கொண்டு வந்தார்கள். அவர்கள் ஊர் எல்லையில் குப்பைக் கிடங்கு அமைப்பதற்காக ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை அது.

அதில் ஒரு வண்ணப்படம். நடுவில் சிவப்பு, சுற்றி மஞ்சள், ஓரத்தில் பச்சை. குப்பையின் நச்சுநீர் முப்பது ஆண்டுகளில் மண்ணுக்கடியில் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணினி போட்டுக் காட்டிய படம். "குடிநீர் ஆதாரங்களுக்குப் பாதிப்பு இல்லை" என்று கீழே எழுதியிருந்தது. கூட வந்திருந்த அம்மா ஒருவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க பம்பு இதுல எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். தேடினோம். ஊர்க் கிணறு இருந்தது, கோயில் குளம் இருந்தது, பட்டா நிலத்து ஆழ்துளைக் கிணறுகள் எண்ணிட்டு இருந்தன. காலனியின் கைபம்பு இல்லை.

கணினி பொய் சொல்லவில்லை. அதனிடம் சொல்லப்படாத கிணற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, யாருடைய போராட்டத்தால் வந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை அன்றிலிருந்து தேடிப் படித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

டிஜோன் நகரத்து மணல்

பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி. குழாயில் மணலை நிரப்பி, மேலிருந்து தண்ணீர் விட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் கீழே வருகிறது என்று அளந்தார். 1856இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு எளிய விதி இருந்தது: நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும், மண்ணின் தன்மை அந்த வேகத்தைத் தீர்மானிக்கும். மண்ணடி நீர் பற்றிய மென்பொருட்கள் எல்லாவற்றுக்கும் இன்றுவரை அடித்தளம் இந்த விதிதான்.

மண்ணின் தன்மை என்றால் என்ன? பருமணலில் தண்ணீர் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் இறங்கலாம். நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய களிமண்ணில் கோடியில் ஒரு பங்குதான். இரண்டுக்கும் லட்சம் மடங்கு வேறுபாடு. நம் நாட்டுத் திடக்கழிவு விதிகள், 2000இல் வந்ததும் சரி, 2016இல் வந்ததும் சரி, குப்பை நிரப்பும் குழியின் அடியில் இந்தக் கோடியில் ஒரு பங்கு தன்மையுள்ள களிமண் 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு இருக்க வேண்டும் என்றன. நிலத்தடி நீர்மட்டம் மழைக்காலத்தில் ஏறினாலும் அந்தக் களிமண்ணுக்கு இரண்டு மீட்டர் கீழேதான் நிற்க வேண்டும் என்றும் அவை கூறின.

தண்ணீர் எங்கே போகும் என்பது பாதிக் கணக்கு. அதில் கலந்த நஞ்சு எங்கே போகும் என்பது மீதி. நஞ்சு ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படும். போகிற வழியில் பக்கவாட்டில் பரவும். ஓட்டமே இல்லாவிட்டாலும் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மெல்ல ஊரும். சில உலோகங்கள் மண்துகளில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். சில பொருட்கள் நுண்ணுயிர்களால் சிதையும். மென்பொருள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இவை அனைத்தையும் நாள்வாரியாகக் கூட்டிக் கழிக்கிறது. "மாடல்" என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

லவ் கெனாலும் வீட்டுப் பெண்களின் வரைபடமும்

டார்சியின் விதிக்கும் குப்பை மென்பொருளுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் இடைவெளி. விதி தெரியாததால் வந்த இடைவெளி அல்ல. குப்பைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்க வேண்டிய நிலை வரவில்லை.

கேட்க வைத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். அமெரிக்காவின் நயாகரா அருகே லவ் கெனால் என்ற கைவிடப்பட்ட கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்தது. 1953இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்தது. அதன்மேல் பள்ளி வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1970களில் பிள்ளைகள் நோயுற்றார்கள், கருக்கள் கலைந்தன. லோயிஸ் கிப்ஸ் என்ற தாய் வீடுவீடாகப் போய் நோய்களைக் கேட்டு வரைபடத்தில் குறித்தார். பெவர்லி பெய்கன் என்ற விஞ்ஞானி உதவினார். நோயுற்ற வீடுகள் பழைய ஓடைத் தடங்களை ஒட்டி வரிசையாக இருந்தது தெரிந்தது. மண்ணடி நச்சு எந்த வழியில் போகிறது என்பதற்கு அந்தப் பெண்கள் போட்ட மாடல் அது. வீட்டுப் பெண்களின் கணக்கு என்று அதிகாரிகள் முதலில் அதை ஒதுக்கித் தள்ளினார்கள்.

1978 ஆகஸ்டில் அங்கே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1980இல் நச்சு இடங்களைச் சுத்தம் செய்யத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அங்கேயும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. சொந்த வீடு வைத்திருந்த வெள்ளையர் குடும்பங்களின் பெயர் உலகத்துக்குத் தெரிந்த அளவு, பக்கத்தில் கிரிஃபன் மேனர் அரசுக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த கறுப்பினத்தவரின் துன்பம் தெரியவில்லை.

சட்டம் வந்ததும் கணக்கு தேவைப்பட்டது. 1984இல் அமெரிக்க இராணுவப் பொறியாளர் ஆய்வகத்தில் பால் ஷ்ரோடரும் அவரது குழுவினரும் "ஹெல்ப்" என்ற மென்பொருளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காகத் தயாரித்தார்கள். பெய்யும் மழையில் எவ்வளவு குப்பைக்குள் இறங்கும், எவ்வளவு அடியில் கசியும் என்று அது சொல்லும். அதே ஆண்டில் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மெக்டொனால்டும் ஹார்பாவும் "மோட்ஃப்ளோ" நிரலை வெளியிட்டார்கள். அது நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணக்கிடும். 1990இல் சுன்மியாவ் செங் எழுதிய "எம்.டி.3டி" அந்த ஓட்டத்தில் நஞ்சை மிதக்கவிட்டுப் பார்க்க வழி செய்தது. கனடாவில் கெர்ரி ரோவும் ஆஸ்திரேலியாவின் ஜான் புக்கரும் களிமண் தடுப்புக்குள் நஞ்சு எப்படி ஊர்ந்து போகும் என்பதற்கு "பொல்யூட்" என்ற மென்பொருளைக் கொடுத்தார்கள்.

இவற்றில் ஹெல்ப், மோட்ஃப்ளோ, எம்.டி.3டி மூன்றும் மக்கள் வரிப்பணத்தில் உருவாகி, எவரும் காசின்றி இறக்கிக்கொள்ளக் கிடைப்பவை. மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அறிவு பூட்டிக் கிடக்கவில்லை.

யார் வீட்டுக்கு அருகே?

மென்பொருள் வந்ததால் நீதி வந்துவிட்டதா? கணக்கு போடும் முன்பே இடம் முடிவாகிவிடுகிறது என்பதைக் காட்டியவர் நம் துறைக்காரர், சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட். 1979இல் ஹூஸ்டன் நகரத்தில் கறுப்பினக் குடியிருப்பு ஒன்றில் குப்பைக் கிடங்கு வருவதை எதிர்த்து, அவருடைய துணைவியார் லிண்டா மெக்கீவர் புல்லார்ட் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்குக்காகப் புல்லார்ட் தன் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு நகரத்தின் குப்பை இடங்களைத் தேடினார். நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைக் கிடங்குகளில் ஐந்தும் கறுப்பினப் பகுதிகளில் இருந்தன. எட்டு எரியுலைகளில் ஆறு அங்கேதான். மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் நான்கில் ஒரு பங்கு.

வடகரோலினாவின் வாரன் கவுன்டியில் நடந்தது இன்னும் கூர்மையானது. அங்கே பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர், ஏழைகள், கிணற்றுநீர் குடிப்பவர்கள். பிசிபி நஞ்சு கலந்த மண்ணைப் புதைக்க அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. அங்கே ஐந்து முதல் பத்து அடியிலேயே தண்ணீர் இருந்தது. விதியைத் தளர்த்தினார்கள். 1982இல் லாரிகளின் முன் மக்கள் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சுற்றுச்சூழல் நீதி இயக்கம் என்று இன்று உலகம் அழைப்பது அந்தச் சாலையில் வளர்ந்தது. கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. அதனால்தான் கணக்கை ஒதுக்கி வைத்தார்கள்.

செங்கல்பட்டின் நிலப் பதிவேடு

இனி நம் மண்ணுக்கு வருவோம். திருமுடிவாக்கம் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும், இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அங்கே ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனை கூடச் சொந்தமில்லாமல் மிராசுதாரர் தயவில் வாழ்வதை அதில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டில் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலத்தை மீட்கப் போராடியபோதுதான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

மென்பொருள் கட்டுரையில் பஞ்சமி நிலம் எதற்கு என்று கேட்கலாம். மாடலுக்குள் போகும் முதல் தகவல் நிலப் பதிவேடுதான். எங்கே பட்டா கிணறு, எங்கே குடியிருப்பு, எது புறம்போக்கு என்று அதுதான் சொல்கிறது. ஏரி, சதுப்பு, மேய்ச்சல், சுடுகாடு எல்லாம் அதில் புறம்போக்கு. அதன் ஓரத்தில் தலைமுறையாக இருக்கும் சேரியும் பல இடங்களில் புறம்போக்கு. குப்பை கொட்ட இடம் தேடும்போது அதிகாரியின் விரல் முதலில் எங்கே போகும்?

சென்னையின் தென்பகுதிக் குப்பை 1980களிலிருந்து பெருங்குடியில் கொட்டப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அது. தண்ணீரின் மேலேயே குப்பை. அடியில் களிமண் தடுப்பும் இல்லை, விரிப்பும் இல்லை. 2022இல் அதே சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு நாட்கணக்கில் எரிந்தது. நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடிவைத்த கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இந்தத் தாழ்நிலத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. இந்தப் பக்கம் பல்லாவரம் பெரிய ஏரி, தாம்பரம் கன்னடபாளையம் என்று புறநகர்களின் குப்பைமேடுகள். விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளித்தான் குப்பைக் குழி இருக்க வேண்டும் என்றது 2016 விதி. குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து இந்த இடங்கள் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள்.

குரோமியம் சொன்ன கதை

தோல் தொழிலின் வரலாறும் நம் பகுதியில் மண்ணுக்கடியில் இருக்கிறது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் நிறுவனத்தால் வந்தது. பம்மல், நாகல்கேணி வட்டாரத்தில் தோல் ஆலைகள் பெருகின. தோலைத் தொட்டதால் தீண்டத்தகாதவர் என்று சொல்லப்பட்ட மக்களே அங்கே உழைத்தார்கள், அந்தக் கிணற்றுநீரையே குடித்தார்கள். குரோம்பேட்டைப் பகுதி நிலத்தடி நீரில் தோல் ஆலைகளின் தாக்கத்தை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிருந்தாவும் இளங்கோவும் 2012இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கழிவுமேட்டின் அடியில் மாடல் போட்டுப் பார்த்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு இராணிப்பேட்டை. 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, குரோமியக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போனது. ஒன்றரை லட்சம் டன் என்று ஒரு கணக்கு, இரண்டேகால் லட்சம் டன் என்று இன்னொரு கணக்கு. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இருந்தது. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் அங்கே நீர்மட்டம் அளந்து, கிணற்றுநீரைச் சோதித்து, நஞ்சு நகரும் விதத்தை மாடலாக்கி 2011இல் வெளியிட்டது.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. மூவிணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். அறுவிணைதிறன் குரோமியம் தண்ணீரோடு ஓடும். புற்றுநோய் தருவதும் அதுதான். இராணிப்பேட்டைக் குவியலில் இருப்பது இந்த இரண்டாவது வகை. மாடலில் எந்த வகையின் எண்ணைப் போடுகிறோம் என்பதில் விடை தலைகீழாக மாறும். விஞ்ஞானிகள் வேலையைச் செய்தார்கள். ஆனால் கட்டுரை வெளிவந்து பல ஆண்டுகள் கழிந்தும் அந்த மேடு அங்கேயே கிடந்தது. நல்ல மாடல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

இதற்கு முன்பே, 1996 ஆகஸ்ட் 28இல், வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் பற்றிய வழக்கு; நமது அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதில் உண்டு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது தீர்ப்பு. அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னது: தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கு இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துபவருடையது. நோயாளி நிரூபிக்க வேண்டியதில்லை. குப்பைக் கிடங்குத் திட்டங்களில் மாடல் அறிக்கையைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இந்தத் தீர்ப்பிலிருந்து கிடைக்கிறது.

கல்லுக்குள் ஓடும் தண்ணீர்

திருமுடிவாக்கத்தைச் சுற்றி மண் அதிக ஆழமில்லை. அடியில் கருங்கல். 1893இல் தாமஸ் ஹாலண்ட் சார்னோகைட் என்று பெயரிட்ட கல்வகை பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியினுடையது. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இருப்பதும் இங்கிருந்து போன கல்தான் என்பதால் அந்தப் பெயர். இந்தக் கல்லை உடைத்துத்தான் நகரம் எழும்பியது. உடைத்த இடங்களில் பள்ளங்கள் நிற்கின்றன. பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துத்தான் 2017, 2019 வறட்சிகளில் சென்னைக்குக் குடிநீர் கொடுத்தார்கள்.

டார்சியின் விதி மணலுக்குப் பொருந்தும். கருங்கல்லில் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஓடுகிறது. ஒரு வெடிப்பு எதிர்ப்பட்டால் வேகம். இல்லையென்றால் அசைவே இல்லை. மாடல் போடுபவர்கள் வசதிக்காகப் பாறை முழுவதையும் மணல்போல ஒரே சீராக நினைத்துக்கொள்வார்கள். பெரிய பரப்புக்கு அது ஓரளவு சரிவரும். ஒரு குறிப்பிட்ட கைபம்புக்குச் சரிவரும் என்று சொல்ல முடியாது. ஆகவே கல்குவாரிப் பள்ளத்தைக் குப்பையால் நிரப்பலாம் என்று யார் சொன்னாலும் உடனே எழுந்து நில்லுங்கள். அங்கே நஞ்சைத் தடுத்து நிறுத்தும் மண்ணே கிடையாது.

நாம் கேட்க வேண்டியவை

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் எழுந்து "எங்களைக் கேட்டீர்களா" என்று மட்டும் கேட்டால், "அறிவியல் முறைப்படி செய்திருக்கிறோம்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அறிவியலுக்குள் போய்க் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: எந்தெந்தக் கிணறுகள் மாடலில் உள்ளன? ஒரு எடுத்துக்காட்டு. நஞ்சு ஆண்டுக்கு 10 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டரில் இருக்கும் ஊர்க் கிணற்றை அடைய 50 ஆண்டு. முப்பது ஆண்டு மாடலில் "பாதிப்பு இல்லை". 150 மீட்டரில் இருக்கும் காலனி பம்பை அடைய 15 ஆண்டு. அதே மென்பொருள், அதே விதி. கிணறு விட்டுப்போனதால் விடை மாறிவிட்டது.

இரண்டாவது: மண்ணின் ஊடுருவுதிறன் எண் எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில் துளையிட்டு அளந்ததா, புத்தகத்திலிருந்து எடுத்ததா? மூன்றாவது: எந்த மாத நீர்மட்டம்? கோடையில் அளந்த மட்டத்தை வைத்து இரண்டு மீட்டர் இடைவெளி காட்டலாம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வந்தபோது அந்த இடைவெளி எங்கே போனது? நான்காவது: சுற்றுவட்டாரத்தில் டேங்கர் லாரிக்காக இரவும் பகலும் உறிஞ்சும் ஆழ்துளைக் கிணறுகள் கணக்கில் உண்டா? அவை ஓட்டத்தின் திசையையே தங்கள் பக்கம் இழுத்துவிடும். ஐந்தாவது: மாடல் சொன்ன நீர்மட்டமும் கிணற்றில் அளந்த நீர்மட்டமும் ஒத்துப்போகின்றனவா? அந்த ஒப்பீட்டை எங்கே காட்டியிருக்கிறார்கள்? கடைசியாக, வண்ணப்படம் மட்டும் போதாது, உள்ளீட்டுக் கோப்புகளையும் தாருங்கள் என்று 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மென்பொருள் இலவசம் என்பதால் இன்னொருவர் அதை ஓட்டிப் பார்க்க முடியும்.

அப்படி இன்னொருவர் ஓட்டியதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் வோபர்னில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தொடர்பான வழக்கு 1986இல் விசாரணைக்கு வந்தபோது, குடும்பங்களின் சார்பில் ஜார்ஜ் பிண்டரும் நிறுவனத்தின் சார்பில் ஜான் கஸ்வாவும் அதே இரண்டு கிணறுகளைப் பற்றி எதிரெதிரான விளக்கங்களோடு நின்றார்கள். மாடல் என்பது தேவவாக்கு அல்ல, சாட்சியம். சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

1927 மார்ச் 20இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியபோது, அந்தத் தண்ணீர் நமக்கும் உரியது என்று அறிவித்தார். இன்று நம் கையில் இருக்கும் தண்ணீர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான்.

அந்த அம்மாவின் கைபம்பை அன்று மாலையே செல்பேசியில் இடம் குறித்தோம். அடுத்த வாரம் எங்கள் மாணவர்கள் அவர்கள் ஊருக்குப் போய்ச் சேரியின் எல்லா நீர் ஆதாரங்களையும் நடந்து குறித்தார்கள்: கைபம்பு, மூடிக் கிடக்கும் பழைய கிணறு, பள்ளிக்கூட ஆழ்துளை, கோடையில் தோண்டும் ஊற்று. ஒவ்வொன்றின் ஆழத்தையும் கயிறு விட்டு அளந்தார்கள். அந்தப் பட்டியல் இப்போது ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு இருக்கிறது. கைச்சாத்துப் போட்டு வாங்கிய நகல் எங்களிடம் இருக்கிறது. உங்கள் காலனியிலும் இதைச் செய்யுங்கள். அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.